மதுராவின் கால் பட்டதா?

மதுரா இரண்டு கைகளையும் காதோடு ஒட்ட உயர்த்திக்கொண்டு நின்றாள். காலடியில் நாலு அங்குல அகலக் கட்டை. பீம் என்பார்கள். நிலத்திலிருந்து அது என் நெஞ்சு உயரம். அதில் நின்றபடி பின்பக்கமாகப் பாய்ந்து, கைகளைக் கட்டையில் ஊன்றி, கால்களைத் தலைக்கு மேலால் சுழற்றி, மறுபடி அதே நாலு அங்குலத்தில் பாதம் பதித்து எழும்ப வேண்டும். பின்கரணம்.

பத்தடி தள்ளி, நடுவரின் மேசையில், பென்சிலும் கையுமாக நான் இருந்தேன்.

மதுரா என் மகள். அது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அந்த ஒரு கரணம் கணக்கில் சேர்ந்தால் நகர இறுதிப் போட்டிக்குப் போவாள். சேராவிட்டால் மூன்று வருடப் பாடு அன்றோடு சரி. நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வெளியே பனி முழுதாகக் கரையாத நாட்கள். ஊரில் போர் முடியப்போகிற மாதங்கள். எந்த வருடம் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை.

வாயால் வந்த வேலை

போன கிழமை இந்தப் பத்தியில், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருந்த பார்க்டேல் அறையின் கரப்பான்களைப் பற்றி எழுதியதற்கு, அந்தக் காலத்தில் பக்கத்து அறையில் இருந்த ஒருவர் ரெலிபோன் எடுத்து, “தங்கச்சி, எங்கடை மானத்தை வாங்கிப்போட்டீர்” என்றார். அண்ணை, இந்தக் கிழமை கரப்பான் இல்லை. இது நாங்கள் மல்வேர்னுக்கு வீடு மாறிப்போன பிறகு நடந்தது. பயப்படாமல் வாசியுங்கோ.

மதுராவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜிம்னாஸ்ரிக்ஸ் போட்டிகளுக்குப் பெற்றோரின் உதவி வேண்டுமாம். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

“தேத்தண்ணி ஊத்தத் தெரியும் எண்டு போடும்” என்றார் என் கணவர், ரிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் விடியற்காலை வேலை செய்கிறவள்தான். ஆனால் ஒரு காலத்தில் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். ‘சுருக்கெழுத்து தெரியும்’ என்று பெரிதாக எழுதி அனுப்பினேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே மிஸ் கிளேர், அதாவது மதுராவின் பயிற்சியாளர், ரெலிபோனில் வந்துவிட்டார்.

அப்படித்தான் டொறத்தியிடம் போய்ச் சேர்ந்தேன். டொறத்தி ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ரீச்சர். பல வருடங்களாகப் பீமுக்கு நடுவர். கண் நல்ல கூர்மை. ஆனால் விரல் மூட்டெல்லாம் வீங்கி, வேகமாக எழுத முடியாது. நடுவரின் கண் ஒரு நொடிகூடக் கட்டையை விட்டு விலகக் கூடாது. ஆகவே அவர் பார்த்து முணுமுணுப்பார். நான் எழுதுவேன்.

ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு குறி உண்டு. துள்ளலுக்கு ஒன்று, சுழற்சிக்கு ஒன்று, கரணத்துக்கு ஒரு கொக்கி. முதல் நாளே எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் சுருக்கெழுத்தோடு பார்த்தால் இது பாலர் வகுப்பு.

குறிகளை வைத்துத்தான் பிறகு கணக்கு. சுலபம், நடுத்தரம், கடினம் என்று வித்தைகள் மூன்று வகை. மதுராவின் பிரிவில் கடினமானது ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பிழையில்லாமல் செய்தாலும் புள்ளி ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது.

“விழுந்தால் எல்லாம் போய்விடுமா?” என்று முதல் நாள் கேட்டேன்.

“இல்லை” என்றார் டொறத்தி. “விழுந்ததற்குத் தனியாகப் புள்ளி குறைப்போம். ஆனால் விழுவதற்கு முதல் பாதம் கட்டையில் பட்டிருந்தால் அவள் வித்தையைச் செய்துவிட்டாள். அதைப் பறிக்க மாட்டோம். பாதம் படாமல் நேரே மெத்தைக்குப் போனால்தான் செய்யவில்லை என்று கணக்கு. அப்போது குறியின் மேல் ஒரு கோடு போடு.”

“பட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால்?”

“சந்தேகம் வந்தால் பிள்ளையின் பக்கம்.”

எனக்கு அந்தச் சட்டம் உடனே பிடித்துப்போயிற்று. விழுந்து கிடக்கிறவளைப் பார்த்து, அதற்கு முதல் நீ என்ன செய்தாய் என்று கேட்கிற சட்டத்தை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஆட்கள் விழுந்ததை மட்டும்தானே மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

அந்த வருடத்து வீடு

எங்கள் அப்பார்ட்மென்டின் உள்நடையில் மதுரா ஒரு வெள்ளை நாடா ஒட்டியிருந்தாள். சரியாக நாலு அங்குல அகலம். குசினி வாசலில் தொடங்கி குளியலறைக் கதவு வரைக்கும் போகும். நாங்கள் எல்லோரும் அதை மிதிக்காமல் காலை அகட்டி நடக்கப் பழகியிருந்தோம். விருந்தினர் வந்தால் காலில் என்ன வருத்தம் என்று கேட்பார்கள்.

நாடாவுக்கு ஒரு பக்கம் ரிவி. அதன் முன்னால் என் கணவர். வேலைக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் அங்கேதான். செய்தி, பிறகு இன்னொரு நாட்டுச் செய்தி, பிறகு அதே செய்தி.

என் தங்கச்சி ராதா, போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தாள். ரீச்சர். கடைசியாகத் தைப்பொங்கலுக்குக் கிட்டத்தான் கதைத்தாள். அதற்குப் பிறகு அவளுடைய இலக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. மதுரா சித்தியை நேரில் கண்டதேயில்லை. அவளுக்குச் சித்தி என்றால் ரெலிபோனில் வருகிற ஒரு குரல்தான். ஆனால் அந்தக் குரலோடு அவள் கதைத்த அளவுக்கு என்னோடு கதைத்ததில்லை.

அந்த மாதங்களில் நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம். நகரத்தின் நடுவில் தெருவோரம், போரை நிறுத்தச் சொல்லிக் கொடியோடும் மெழுகுதிரியோடும் நின்றுவிட்டுக் குளிரில் வீடு திரும்பினோம். ஒருவரும் ஒருவரோடு சரியாகக் கதைக்கவில்லை. ரெலிபோன் மணி அடித்தால் மூன்று பேரும் எழும்புவோம். ஒருவரும் எடுக்கத் துணிய மாட்டோம்.

ஒருநாள் பின்னேரம் மதுரா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“அம்மா, ஐ ஸ்ரக் இற்! கரணம் நிண்டுட்டுது. மூண்டு தரம். விழவே இல்லை!”

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் எத்தனையோ கிழமைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. இவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “எங்கை, ஒருக்காச் செய்து காட்டு பாப்பம்” என்றார். உள்நடையில் கரணம் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடிப்பார் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். அன்றிரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அதனால் சொல்கிறேன், அந்தக் கரணம் எனக்குக் கரணம் மட்டும் இல்லை. அது கணக்கில் சேர வேண்டும் என்று கோவில் கோவிலாக நேர்ந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று இந்தக் கிழமை மதுராவிடம் கேட்டேன். “எழுதுங்கோ, ஆனா நான் விழுந்ததைப் பெரிசாக்காதேங்கோ” என்றாள். பெரிதாக்கவில்லை, பிள்ளை. நடந்த அளவுதான்.

முந்துகிற கை

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுருக்கெழுத்துப் படித்த நாளிலேயே வந்தது. ஆள் சொல்லி முடிக்கும் முன்பே என் கை எழுதிவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்களுக்குப் படிப்பித்த மாஸ்ரர், என் கொப்பியைப் பார்த்துவிட்டு, “நான் இன்னும் வாய் திறக்கேல்லை, நீர் முற்றுப்புள்ளியும் வைச்சிட்டீர். நீர் என்ன சாத்திரம் சொல்லுறவரோ?” என்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை நீதிமன்றத்தில் உடைந்தது. ஒரு வேலி வழக்கு. எங்கள் ஊரில் வேலி வழக்கு இல்லாவிட்டால் வழக்கறிஞர்களின் வீட்டில் உலை வைக்க முடியாது. எதிராளி ஒரு தோட்டக்காரர்; வேலியைத் தன் காணிக்குள் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். வழக்கறிஞர் அவரிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். பத்துக்கும் ‘ஓம்’ என்றார் மனிசன். பதினோராவது கேள்வி, இந்த வேலி உம்முடைய தகப்பன் காலத்திலும் இதே இடத்தில்தான் நின்றதோ என்பது. கேள்வி முடியவே நான் ‘ஓம்’ எழுதிவிட்டேன். அவரோ குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து நீதிமன்றம் கலைந்தது.

அவர் பதிலே சொல்லவில்லை. பின்னர் பதிவேட்டை வாசித்தபோது என் ‘ஓம்’ அவருடைய ‘ஓம்’ ஆகிவிட்டது. அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், நீர்தானே ஒத்துக்கொண்டீர் என்று இருத்திவிட்டார்கள். ஒரு முருங்கையும் இரண்டு முழ நிலமும் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இருபது வயதில் பயம் பெரிது.

முருங்கைதானே என்று நீங்கள் சொல்லலாம். அந்த மனிசன் வெளியே போகும்போது தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு போனார். நான் அதை மறக்கவில்லை.

ஒரு நொடி

இனிப் பீமுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும்போது என் இடத்தில் வேறொருவர் இருந்து எழுதுவதுதான் ஒழுங்கு. அன்று ஐஸ் மழை பெய்து தெருவெல்லாம் வழுக்கியதில் அவர் வந்து சேரவில்லை. மிஸ் கிளேர் கையைப் பிசைந்தார். “தீர்ப்பு என்னுடையது, இவர் வெறும் குறிதானே எழுதுகிறார்” என்று டொறத்தி சொல்ல, மற்றப் பயிற்சியாளர்களும் தலையாட்டினார்கள்.

மதுரா ஏறினாள். நடந்தாள், துள்ளினாள், ஒற்றைக்காலில் சுழன்றாள். நான் எழுதினேன். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

அவள் கை உயர்ந்தால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். கரணத்துக்கு அவள் ஆயத்தமாவதை உள்நடையில் நூறு தரம் பார்த்தவள். மதுரா இன்னும் பாயவில்லை. டொறத்தி இன்னும் வாய் திறக்கவில்லை. என் பென்சில் கொக்கியைப் போட்டு முடித்துவிட்டது.

மதுரா பாய்ந்தாள். கைகள் சரியாக விழுந்தன. அந்த நேரம் பக்கத்தில், குதிக்கிற இடத்தில், ஒரு பிள்ளை பலகையில் காலை அடித்துக்கொண்டு வீரிட்டுக் கத்தியது. டொறத்தியின் தலை திரும்பியது. ஒரே ஒரு நொடிதான்.

நான் திரும்பவில்லை. பெற்ற பிள்ளை தலைகீழாக நிற்கும்போது எந்தத் தாய் வேறு பக்கம் பார்ப்பாள்? மதுராவின் வலது பாதம் கட்டைக்கு ஒரு விரல் தள்ளி, காற்றில் இறங்கியது. இடது பாதமும் படவில்லை. நேரே மெத்தை.

டொறத்தி திரும்பிப் பார்த்தபோது அவள் மெத்தையில் இருந்தாள். “விழுந்தாள்” என்று முணுமுணுத்தார். அதற்குரிய குறைப்பை எழுதினேன். மதுரா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறி, மீதி எல்லாவற்றையும் செய்து முடித்தாள்.

டொறத்தி தாளைத் தன் பக்கம் இழுத்தார். விரல் ஒவ்வொரு குறியாக நகர்ந்து கொக்கியில் நின்றது. கோடு இல்லை.

“நல்லது, பாதம் பட்டிருக்கிறது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடினம் என்ற இடத்தில் ஒன்று போட்டார்.

அந்தக் கோட்டை நான் போடவில்லை.

புள்ளியை அட்டையில் திருப்பி வைத்தார்கள். போதும். விழுந்ததற்குக் குறைத்த பிறகும் போதும். மிஸ் கிளேர் கையைத் தட்டிக்கொண்டு ஓடினார். மதுரா அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோசம் வரலாமா வேண்டாமா என்று நின்றது.

என்னைக் கேட்டால், அந்த நேரம் நான் கடவுளுக்கு நன்றிதான் சொன்னேன். என் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும், எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல செய்தி வரட்டும், யாருக்கு நட்டம் என்று மனம் வாதாடியது. பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த வேறொரு பள்ளிக்கூடப் பெண் தன் புள்ளியையும் மதுராவின் புள்ளியையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். யாருக்கு நட்டம் என்று அப்போது தெரிந்தது.

டொறத்தி தாளை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“இந்தக் குறியை அவள் செய்வதற்கு முதலே நான் எழுதிவிட்டேன். கால் படவில்லை.”

டொறத்தி மெல்ல மறுபடி உட்கார்ந்தார். நல்ல மனிசி. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

“நான் பார்க்கவில்லை. சந்தேகம் என்றால் பிள்ளையின் பக்கம். உனக்குச் சந்தேகம் இருக்கிறதா?”

இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது சட்டப்படி.

“இல்லை” என்றேன்.

பென்சிலை அவரே வாங்கி, வீங்கிய விரல்களால் கொக்கியின் மேல் கோடு போட்டார்.

பஸ்ஸில்

மல்வேர்னுக்குப் போகிற பஸ்ஸில் மதுரா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதாள். கண் துடைக்க நான் ரிசு நீட்டினேன். வாங்கவில்லை. நாலைந்து தரிப்பிடம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஜட்ஜ் பாக்கேல்லை. ஒருத்தரும் பாக்கேல்லை.”

“நான் பாத்தனான்.”

“நீங்க என்ரை அம்மா!”

“ஓம். அதாலைதான் பாத்தனான்.”

“மற்ற அம்மாமார் எண்டா சொல்லியிருக்க மாட்டினம்.”

சொல்லியிருக்க மாட்டார்கள்தான். என் கை முந்தியதையும், பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன். அந்த முருங்கைக் கதையையும் சொன்னேன். அவள் கேட்டாளோ தெரியாது. கண்ணாடியில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.

“அப்ப, பாக்காததை எழுதக் கூடாது, என்ன?” என்றாள் கடைசியில்.

“எழுதக் கூடாது.”

“போன வெள்ளி அர்ச்சனைக்கு நீங்க சித்தியின்ரை பேரைச் சொல்லேல்லை.”

ஒவ்வொரு வெள்ளியும் கோவிலில் அர்ச்சனைக்கு இவருடைய பெயர், மதுராவின் பெயர், ராதாவின் பெயர், மூன்றையும் நட்சத்திரத்தோடு சொல்வேன். போன வெள்ளி இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கிழமை ரிவியில் பார்த்த படங்களுக்குப் பிறகு, உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் அவளுடைய பெயர் என் வாயில் வரவில்லை. இவர்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஐபாட்டைக் காதில் செருகிக்கொண்டு நின்ற பிள்ளை கவனித்திருக்கிறாள்.

“சித்திக்கு என்ன நடந்தது எண்டு நீங்க பாத்தனீங்களே அம்மா?”

“இல்லை, பிள்ளை.”

“டவுற் எண்டா பிள்ளையின்ரை பக்கம். அதுதானே ரூல்? எனக்கு டவுற் இல்லை, சரி. சித்திக்கு இருக்குத்தானே? ஏன் அவவுக்குக் குடுக்கேல்லை?”

நான் அழுதேன். பஸ் நிறைய ஆட்கள். வேலை முடிந்து போகிறவர்கள், பை சுமந்தவர்கள். எதையும் பார்க்காமல் அழுதேன். மதுரா என் கையிலிருந்த ரிசுவை எடுத்து என்னிடமே தந்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் தோளை என் பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். இறங்கும் வரைக்கும் அதை எடுக்கவில்லை.

இறுதிப் போட்டி அவள் இல்லாமலே நடந்தது. உள்நடையின் நாடாவை அவளே உரித்தெடுத்தாள். ராதாவைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளியிலிருந்து மூன்று பெயரையும் சொன்னேன். குரல் சிலவேளை இறங்கும், ஆனால் சொன்னேன்.

பிறகு போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை கோவிலில் கால் வைக்க இடமில்லை. ஆனால் ஒரு சத்தம் இல்லை. குழந்தைகளைக்கூட யாரும் அதட்டவில்லை. எங்கள் முறை வந்ததும் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, “பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார்.

இவருடைய பெயரைச் சொன்னேன். மதுராவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதுரா என்னை மெல்ல விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள். உள்ளங்கையை விரித்தாள். அதில் பேனையால் இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ எழுதியிருந்தாள். வீட்டிலிருந்து வரும்போதே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ராதா” என்றாள். பிறகு கையைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, “உத்… தரட்… டாதி.”

ஐயர் புதிதாக வந்தவர், எங்களை அவ்வளவாகத் தெரியாது. “ஆர் பிள்ளை, அக்காவோ?” என்று கேட்டார்.

“என்ரை சித்தி. வன்னியிலை இருக்கிறா.”

ஐயர் ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி, பூவை எடுத்தார்.